பாராட்டிலும் பாகுபாடு உண்டா?

கேள்வி: ஐரோப்பிய லீக் ஆட்டங்களை ஆங்கில வர்ணனையோடு தவறாமல் பார்க்கிறேன். கறுப்பின வீரர் பந்தோடு போனால் ‘என்ன பலம், என்ன வேகம்!’ என்கிறார்கள். வெள்ளை வீரர் அதையே செய்தால் ‘ஆட்டத்தைப் படித்துவிட்டார்’ என்கிறார்கள். வீட்டில் சொன்னால், “புகழத்தானே செய்கிறார்கள், இதில் என்ன குற்றம்?” என்கிறார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ரன்ரிபீட் நிறுவனமும் இங்கிலாந்தின் தொழில்முறை கால்பந்து வீரர்கள் சங்கமும் 2020-இல் இதை எண்ணியே பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் லீக்குகளில் 80 ஆட்டங்கள். 643 வீரர்களைப் பற்றி ஆங்கில வர்ணனையில் வந்த 2,073 கூற்றுகள். பலத்தைப் பற்றிய பேச்சு கறுத்த நிற வீரர்களைக் குறித்து வரும் வாய்ப்பு 6.59 மடங்கு அதிகம். வேகத்தைப் பற்றியது 3.38 மடங்கு. அறிவைப் பாராட்டியதில் 62.60 சதவீதம் வெளிர்நிற வீரர்களுக்குப் போனது. அறிவைக் குறை சொன்னதில் 63.33 சதவீதம் கறுத்த நிற வீரர்கள் தலையில் விழுந்தது.

புகழ்ச்சியில் என்ன குற்றம் என்பதற்கு ஒரு காட்சி. நடுக்கள வீரர் ஒருவர், பந்து வருமுன் இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறார், இடைவெளி எங்கே என்று அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். முதல் தொடுதலிலேயே திரும்பி, முப்பது மீட்டர் ஓடி, சரியான நொடியில் பாஸ் கொடுக்கிறார். வர்ணனையில் ‘காளை மாதிரி பாய்கிறார்!’ என்று மட்டும் வந்தால், அந்த இரண்டு பார்வைகளும் காணாமல் போகின்றன. அவர் உழைத்துக் கற்ற வித்தை, பிறவிப் பலமாகிவிடுகிறது. ஆடி ஓய்ந்தபின் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் தேடும்போது யாருக்கு ‘மூளைக்காரர்’ என்ற பெயர் இருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

2004-இல் பிரிட்டிஷ் வர்ணனையாளர் ரான் அட்கின்சன், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, பிரான்சின் கறுப்பின வீரர் மார்செல் டெசாய் பற்றி இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசி, ஐடிவி தொலைக்காட்சி வேலையை விட நேர்ந்தது. அந்த மாதிரி வசவு உடனே பிடிபடும். நீங்கள் வர்ணனையில் கேட்பது வசவே அல்ல. நொடிக்குள் பேசியாக வேண்டியவர் நாக்கில் தயாராக இருக்கும் வாக்கியம். அதனால் எண்ணித்தான் பிடிக்க முடியும்.

வீட்டில் காட்ட வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். ஆட்டத்தைப் பதிவு செய்து, ஒரே இடத்தில் ஆடும் இருவரை ஜோடியாக எடுங்கள். ஓரத்தில் ஓடி ஆடும் விங்கரை மையத் தடுப்பாளரோடு ஒப்பிட்டால் கணக்கே கெடும். விங்கரின் வேகத்தைப் பற்றி யாராக இருந்தாலும் பேசத்தான் செய்வார்கள். நோட்டில் நான்கு பத்திகள்: உடல், அறிவு, உழைப்பு, திறமை. ஒவ்வொன்றிலும் பாராட்டா, குறையா என்று குறியுங்கள். நிமிடத்தையும் வாக்கியத்தையும் கேட்டபடியே எழுதுங்கள். ‘இடப்பக்கம் அடித்தார்’ போன்ற வெறும் தகவலைச் சேர்க்காதீர்கள்.

பலர் சறுக்குவது அடுத்ததில். மொத்த எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒருவரைப் பற்றி நாற்பது வாக்கியம், இன்னொருவரைப் பற்றிப் பத்து என்றால், அவரவர் மொத்தத்தில் எத்தனை பங்கு உடலைப் பற்றியது என்று பாருங்கள். ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. வெவ்வேறு வர்ணனையாளர்களோடு பத்து ஆட்டமாவது வேண்டும். உங்கள் சாய்வும் நுழையும். ஆகவே வீரர் பெயர்களை மறைத்து, அந்த வாக்கியங்களை உங்களோடு வாதாடுபவரிடமே கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகாதவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

ஒளிபரப்பாளருக்கு எழுதினால் ‘இனவெறி’ என்று தொடங்காதீர்கள்; உடனே மறுப்புதான் வரும். ஒரே மாதிரியான இரண்டு நகர்வுகள், இரண்டு வீரர்கள், நிமிடக் குறிப்போடு இரண்டு வாக்கியங்கள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வார்த்தை ஏன் மாறியது என்று மட்டும் கேளுங்கள்.