மகனுக்கு வெயில் வேண்டும். அதற்கு அப்பா வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் சொந்த வீடு, பென்ஷன் 46,000 ரூபாய். மகன் சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான். வாடகை வீடு. கோடைகாலம் முழுக்கப் பனிமூட்டம், வெயிலையே பார்க்க முடியவில்லை என்று மருமகள் மிகவும் சோர்ந்துபோயிருக்கிறாள். போன அக்டோபரில் பக்கத்து ஊரான பசிஃபிகாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு பார்த்தார்களாம், நல்ல வெயிலாம். விலை பத்து லட்சம் டாலர். முன்பணத்துக்கு 25 லட்சம் ரூபாய் கேட்கிறான், நாலு வருஷத்தில் தந்துவிடுவானாம். கூட்டுறவு வங்கியில் 32 பவுன் மேல் ஏற்கெனவே 11 லட்சம் கடன் இருக்கிறது. பவுன் விலை ஏறியிருப்பதால் இன்னும் 9 லட்சம் தருவார்கள். மீதி 16 லட்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா? தெரிந்த ஏஜென்ட் ஒருவர், இதோடு குஜராத்தில் இருக்கும் கிஃப்ட் சிட்டி நிதி மையத்தின் டாலர் ஃபண்டில் 3 லட்சம் போடச் சொல்கிறார். அதையும் சொல்லுங்கள். நாங்கள் பேரனைப் பார்க்கப் போவதென்றால் எந்த மாதம் நல்லது?

பதில்: அண்ணாச்சி, வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

கடன் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மகனின் வீடு இல்லை, அந்த 11 லட்சம். நகைக்கடன் ரசீதுகளின் நகலை நீங்களே இணைத்திருக்கிறீர்கள். 2021-ல் 4 லட்சம். அடுத்து 6, அப்புறம் 8, இப்போது 11. ஒரு குண்டுமணி நகை கூடுதலாக வைக்கவில்லை. வருஷா வருஷம் பவுன் விலை ஏறியிருக்கிறது, நீங்களும் திருப்பாமல் மாற்றி மாற்றி வைத்து மேல்தொகை வாங்கியிருக்கிறீர்கள். சராசரியாக 7 லட்சம் என்று வைத்தாலும் 9 சதவீதத்தில் வருஷத்துக்கு 63,000. நாலு வருஷத்தில் இரண்டரை லட்சம் வட்டி. அந்த வட்டியைக்கூடக் கையிலிருந்து கட்டவில்லை, புதுக் கடனிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பவுன் விலை ஏறினால் நகை வைத்திருப்பவனுக்கு லாபம் என்பார்கள். உங்கள் வீட்டில் அந்த லாபம் முழுவதும் கடனாக மாறிவிட்டது.

இனிமேல் அப்படி ஓட்டவும் முடியாது. 2025-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நகைக்கடன் விதிகளின்படி, அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடன்களில், அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் மாற்றி வைக்க முடியும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம். பவுன் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி வங்கி கூப்பிடும்.

இப்போது உங்கள் திட்டத்துக்குத் தோராயமாகக் கணக்குப் போடுவோம். நகைக்கடன் 20 லட்சம் ஆகிறது. வட்டி மட்டும் மாதம் 15,000. வீட்டுமேல் 16 லட்சம், பத்தரை சதவீதம், 7 வருஷம் என்றால் மாதத் தவணை 27,000. இரண்டும் சேர்ந்து 42,000. பென்ஷன் 46,000. மிஞ்சும் 4,000 ரூபாயில் அக்காவுக்கு மாத்திரை வாங்குவீர்களா, கரண்ட் பில் கட்டுவீர்களா?

இன்னொரு செலவை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்கு இப்படி அனுப்பும் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். 15 லட்சத்துக்கு 3 லட்சம். வருமான வரி ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம், திரும்பியும் வரும். ஆனால் அனுப்புகிற அன்றைக்கு அந்த 3 லட்சம் கையில் இருக்க வேண்டும். அதற்கும் கடன்தானா?

சரி, இவ்வளவும் கொடுத்தால் அங்கே என்ன ஆகும்? 25 லட்சம் ரூபாய் என்பது சுமார் 28,000 டாலர். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 20 சதவீத முன்பணம் என்றால் 2 லட்சம் டாலர். நீங்கள் ஆயுசு முழுக்கச் சேர்த்ததை அடகு வைத்தும் முன்பணத்தில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். மீதி ஆறு பங்கு மகனிடம் இருக்கிறதென்றால் இந்த ஒரு பங்கையும் இரண்டு வருஷத்தில் அவனே சேர்த்துவிடுவான். இல்லையென்றால் அந்த வீட்டை அவன் வாங்கவே கூடாது.

அப்பா கொடுக்கும் பணத்தை முன்பணமாகக் காட்டினால், அமெரிக்க வங்கி உங்களிடம் ஒரு கடிதம் கேட்கும். "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். "நாலு வருஷத்தில் தருகிறேன்" என்று மகன் வாயால் சொன்னதற்கு அப்புறம் என்ன மதிப்பு? அவன் நல்ல பிள்ளைதான், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஹெச்-1பி விசாவில் வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த 60 நாளில் அவன் தன் தவணையைப் பார்ப்பானா, உங்கள் தவணையைப் பார்ப்பானா?

அந்த வீடு வெயிலுக்காகத்தானே? அதுவும் கிடைக்காது. அக்டோபரில் வீடு பார்த்ததில்தான் தப்பு நடந்திருக்கிறது. அந்தக் கடற்கரையில் செப்டம்பர், அக்டோபர்தான் வெயில் காலம். அப்போது எங்கே பார்த்தாலும் பளிச்சென்று இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் கரையோரக் கடல்நீர் கடுங்குளிர்ச்சியாக இருக்கும். அதன்மேல் வரும் ஈரக்காற்று பனிமூட்டமாகிவிடும். உள்நாட்டுச் சமவெளி கொதிக்கக் கொதிக்க, அந்த மூட்டத்தை மலை இடைவெளிகள் வழியாக உள்ளே இழுக்கும். பசிஃபிகா நேரே கடலைப் பார்த்த ஊர், டேலி சிட்டிக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. போதாததற்கு அங்கே கடலரிப்பில் செங்குத்துக் கரை சரிந்து, மேலே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளையே இடிக்க வேண்டி வந்தது.

நமக்கு இது புரியாத விஷயமா? ஜூலையில் குற்றாலத்தில் சாரல் நனைக்கும்போது ஆலங்குளத்தில் மண் காய்ந்து கிடக்கும். செங்கோட்டைக் கணவாய்க்கு நேரே இருக்கிறோமா, மலை மறைவில் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி. அங்கேயும் அதேதான். சான் பிரான்சிஸ்கோவுக்குள்ளேயே ட்வின் பீக்ஸ் குன்றுகளுக்கு மேற்கே சன்செட் பகுதி மூட்டத்தில் கிடக்கும். கிழக்கே மிஷன், பொட்ரேரோ ஹில் பகுதிகளில் பெரும்பாலும் வெயில். தெற்கே சான் புருனோ பக்கம் மலையில் ஒரு இடைவெளி, அதன் வழியாகக் காற்றும் மூட்டமும் விமான நிலையம் வரை வரும். அதைத் தாண்டி, மலை மறைவில் இருக்கிற ரெட்வுட் சிட்டி நல்ல வெயில் ஊர். விரிகுடாவைத் தாண்டி வால்நட் க்ரீக் போனால் ஜூலையில் 30 டிகிரிக்கு மேலே. நம் ஊர்க்காரிக்கு அது சொர்க்கம். ஆனால் காட்டுத்தீ பயமுள்ள மலைச்சரிவாக இருந்தால் வீட்டுக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம். 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் போன்ற பெரிய நிறுவனமே கலிஃபோர்னியாவில் புது வீட்டுப் பாலிசி கொடுப்பதை நிறுத்தியது.

ஆக, வெயிலுக்காக வீடு வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கே கிடைக்கும். ரெட்வுட் சிட்டி பக்கம் மாதம் 400 டாலர் கூடக் கொடுத்தாலும் வருஷத்துக்கு 4,800 டாலர், அவன் சம்பளத்தில் அடங்கும். ஒரு கோடையை அங்கே கழிக்கட்டும். மருமகள் தேறினால் அப்போது வாங்குவதைப் பேசலாம். அதற்கு முன்னால் மருமகளை ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எல்லாச் சோர்வுக்கும் பனிமூட்டம் காரணமாக இருக்காது.

டாலர் ஃபண்ட்? ஒன்பது சதவீதத்துக்குக் கடன் வாங்கி வைத்திருப்பவர் அதை அடைப்பதைவிட நிச்சயமான லாபம் எந்த ஃபண்டிலும் இல்லை. கிஃப்ட் சிட்டி இப்போதைய மோஸ்தர். ஏஜென்டுக்கு கமிஷன் உண்டு, உங்களுக்கு அவசியம் இல்லை. அந்த 3 லட்சம் கையில் இருந்தால் நாளைக்கே கூட்டுறவு வங்கிக்குப் போங்கள்.

அடுத்த தடவை மாற்றி வைக்கும்போது 32 பவுனையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். நாலைந்து கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றாகத் திருப்பலாம். உங்கள் ரசீதில் மகளின் இரட்டைவடச் சங்கிலியும் இருக்கிறது. அண்ணன் வீட்டுக்காகத் தன் நகைமேல் இன்னும் கடன் வாங்கப் போவது அவளுக்குத் தெரியுமா? முதலில் அதைத் திருப்புங்கள். மகனிடம் மாதம் 300 டாலர் இங்கே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு 10,000 ரூபாய் போட்டால் அந்த 3 லட்சத்தோடு சேர்த்து இரண்டரை வருஷத்துக்குள் நகையெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும்.

பேரனைப் பார்க்கப் போவதானால் செப்டம்பரில் கிளம்புங்கள், வெயிலும் இருக்கும். டிக்கெட் மகன் செலவு. போகும் முன் இருவருக்கும் பயண மருத்துவக் காப்பீடு எடுங்கள். பழைய சர்க்கரை, பிரஷருக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.