பெயரைக் கடைசியில் எழுதுங்கள்: அணிகளையும் எதுகை மோனையையும் அடையாளம் காணும் வழி

கேள்வி: அணிகளின் இலக்கணத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறேன். ஆனால் புதிய பாடல் ஒன்றைக் கொடுத்து ‘இதில் என்ன அணி?’ என்று கேட்டால் தடுமாறிவிடுகிறேன். உவமை, உருவகம், எடுத்துக்காட்டு உவமை மூன்றும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதுகை, மோனையிலும் குழப்பம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் உழைப்பில் குறையில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. பெயரையும் விளக்கத்தையும் முதலில் மனத்தில் ஏற்றிக்கொண்டு பாடலை அதற்குள் பொருத்தப் பார்க்கிறீர்கள். அதை அப்படியே திருப்பிப்போடுங்கள். பாடலைப் படித்ததும் அங்கே என்ன நடக்கிறது என்று உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள். பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் (பொருளால் அழகு தரும் அணிகள்) மட்டுமே 35. அத்தனையையும் ஒரே மூச்சில் கற்க முயன்றால் மலைப்புத்தான் மிஞ்சும். தொல்காப்பியரோ இவற்றில் உவமைக்கு மட்டுமே உவமவியல் என்று தனி இயல் வகுத்தார். கற்பவருக்கு அதுவே நல்ல வழிகாட்டி. உவமையை ஆழமாகப் பிடித்துக்கொண்டால் அதை ஒட்டிய அணிகள் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

உவமையில் பார்க்க வேண்டியவை நான்கு: சொல்ல வந்த பொருளான உவமேயம், ஒப்பாகக் காட்டும் உவமானம், இரண்டையும் இணைக்கும் ‘போல’ போன்ற உருபு, இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மை. இவற்றுள் எது வெளிப்படையாக இருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் குழம்பும் அணிகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். ‘தீயைப் போலச் சுடும் கோபம்’ என்றால் நான்கும் வெளியே தெரிகின்றன. அது உவமை.

‘பற்றிய இடத்தை முதலில் எரிக்கும் தீ, கொண்டவனை முதலில் வாட்டும் கோபம்.’ இங்கே இரண்டு தனி வாக்கியங்கள். நடுவில் ‘அதுபோல’ என்ற உருபு இல்லை, படிப்பவரே அதை வருவித்துக்கொள்கிறார். இது எடுத்துக்காட்டு உவமை.

‘கோபத்தீ’ என்னும்போது கோபம் தீயைப் போன்றது என்ற நிலை போய், கோபமே தீ ஆகிவிட்டது. இது உருவகம். ‘கோபத்தீயில் வெந்தது நட்பு’ என்று நீட்டினால் கோபம் தீயாயிற்று, நட்பு விறகாக உருவகிக்கப்படவில்லை. தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றதை விட்டுவிடுவது ஏகதேச உருவகம்.

கடைசியாக, ஆத்திரத்தில் துடிக்கும் ஒருவரிடம் ‘கூரையில் வைத்த தீ முதலில் அந்த வீட்டைத்தான் எரிக்கும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கோபம் என்ற சொல்லே வரவில்லை. உவமானம் மட்டும் நிற்கிறது, உவமேயத்தைக் கேட்பவர் உணர்ந்துகொள்கிறார். அது பிறிது மொழிதல்.

இதே வரிசையைத் திருக்குறளில் சரிபாருங்கள். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ (151) உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ (1) எடுத்துக்காட்டு உவமை. ‘பிறவிப் பெருங்கடல்’ (10) ஏகதேச உருவகம்: பிறவி கடலாயிற்று, இறைவன் அடி தெப்பம் என்று சொல்லப்படவில்லை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ (475) பிறிது மொழிதல். மயிலிறகையும் வண்டியின் அச்சையும் பற்றி மட்டும் பேசும் இந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் ஏன் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

பலர் மதிப்பெண் இழக்கும் ஓர் இடம்: ‘மலர்முகம்’, ‘முகமலர்’. நடுவில் ‘போன்ற’ பொருந்தினால் உவமைத்தொகை (மலர் போன்ற முகம்). ‘ஆகிய’ பொருந்தினால் உருவகம் (முகம் ஆகிய மலர்). உவமானம் முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா என்பதைக் கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

தற்குறிப்பேற்றத்துக்கு ஒரே சோதனை போதும். இயல்பாக நடக்கும் நிகழ்ச்சிக்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றுகிறாரா? மாலைச் சூரியன் சிவந்து மறைவது இயற்கை. போர்க்களத்தைக் காணச் சகியாமல் முகம் சிவந்து ஒளிந்தது என்றால் தற்குறிப்பேற்றம்.

இனி எதுகை, மோனை. இவற்றைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துக் காதால் பிடியுங்கள். முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. எதுகையில் பலர் மறந்துவிடும் நிபந்தனை ஒன்று உண்டு: முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு–கட்டு எதுகை, பாட்டு–கேட்டு எதுகை, பட்டு–பாட்டு எதுகை ஆகாது.

ஓர் அடியின் சீர்களில் (அடி பிரியும் பகுதிகளில்) வரும் வகைகளின் பெயர்கள் கடினமாகத் தோன்றினால், எந்தெந்தச் சீர்கள் ஒன்றுகின்றன என்று எண்களாக வைத்துக்கொள்ளுங்கள். இணை 1, 2. பொழிப்பு 1, 3. ஒரூஉ 1, 4. கூழை 1, 2, 3. மேற்கதுவாய் 1, 3, 4. கீழ்க்கதுவாய் 1, 2, 4. முற்று நான்கு சீரும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்ற குறளைப் பாருங்கள். முதலடியின் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குகின்றன, ஆகவே முற்று மோனை. இரண்டாம் எழுத்தைப் பார்த்தால் 1, 3, 4 ஆம் சீர்களில் ‘ற்’, இரண்டாம் சீரில் மட்டும் ‘ச’. ஆகவே மேற்கதுவாய் எதுகை. கற்க, நிற்க என்று இரண்டு அடிகளின் தொடக்கமும் ஒன்றுவதால் அடியெதுகை. ஏழே சீரில் இவ்வளவு கிடைக்கிறது.

பின்வருநிலை அணிகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வந்த சொல்லே வேறு பொருளில் மீண்டும் வந்தால் சொல் பின்வருநிலை. ஒரே பொருள் வெவ்வேறு சொற்களில் வந்தால் பொருள் பின்வருநிலை. சொல்லும் பொருளும் மாறாமல் திரும்ப வந்தால் சொற்பொருள் பின்வருநிலை.

பயிற்சிக்கு ஒரு நோட்டை ஒதுக்குங்கள். நாளுக்கு ஒரு பாடல் போதும். இடப்பக்கம் பாடல், வலப்பக்கம் அதில் நடப்பது உங்கள் நடையில், அடியில் பெயர். சில நாட்கள் பெயர் கிடைக்காது. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, இன்னும் பத்துப் பாடல்கள் படித்த பிறகு திரும்பி வாருங்கள். வாரம் ஒருமுறை, கோபத்தை வைத்து நான் செய்ததைப் போல நீங்களும் ஒரு பொருளை எடுத்து உவமையாக, எடுத்துக்காட்டு உவமையாக, உருவகமாக, பிறிது மொழிதலாக எழுதிப் பாருங்கள். முதல் வாரம் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோடு ஒப்பிடத் தொடங்கினால் நான்கும் எளிதாக வந்துவிடும்.