சண்டை நின்ற பிறகு நடுவில் நிற்கப்போவது யார்?

அன்புள்ள தோழருக்கு,

டிரெய்லர் ஓட்டுகிறேன். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் நின்றபடி போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உக்ரைன் போர் பேசித்தான் முடியும் என்று எழுதியிருந்தீர்கள். அடித்துப் பிடித்தவனோடு உட்கார்ந்து பேசினால், பிடித்த நிலத்தை அவனுக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா என்கிறான் எங்கள் கிளீனர் பையன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரஷ்யாவிடம் எண்ணெயும் வாங்கிக்கொண்டு சமாதானமும் பேசுகிறோமே, அது மட்டும் சரியா?

க., தண்டையார்பேட்டை

தோழர் க. அவர்களுக்கு,

அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுத்தது ரஷ்யா. அதை மழுப்பிவிட்டுப் பேசும் சமாதானம் எனக்கு வேண்டாம். ஆனாலும் யார் பக்கம் நியாயம் என்று தீர்ந்த பிறகுதான் பேச்சு என்றால், அதுவரை சாகப்போவது நாமல்ல.

நீங்கள் காத்து நிற்கும் அதே சென்னைத் துறைமுகத்தில், 1954 பிப்ரவரியில் ‘அஸ்டூரியாஸ்’ என்ற கப்பலிலிருந்து 88 பேர் இறங்கினார்கள். கொரியப் போரில் பிடிபட்ட கொரியர்கள், சீனர்கள். சொந்த நாட்டுக்கும் போக மாட்டோம், பிடித்தவர்களிடமும் இருக்க மாட்டோம் என்றவர்கள். அவர்கள் ஏன் மெட்ராசுக்கு வந்தார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

கொரியாவில் பேச்சு தொடங்கியது 1951 ஜூலையில், கையெழுத்தானது 1953 ஜூலை 27 அன்று. இடைப்பட்ட இரண்டு வருடமும் சண்டை ஓயவில்லை. அமெரிக்கப் படையின் இழப்பில் ஏறக்குறைய பாதி அந்த இரண்டு வருடத்தில் நேர்ந்ததுதான். இத்தனைக்கும் போர்முனை பெரிதாக நகரவில்லை. இழுத்தடித்தது கைதிகள் விவகாரம். எல்லாரையும் திருப்பி அனுப்பு என்றது சீனத் தரப்பு. வர மறுப்பவனைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றது அமெரிக்கத் தரப்பு. அப்போது ஐ.நா.வில் இந்தியாவுக்காகப் பேசிய வி.கே. கிருஷ்ண மேனன் ஒரு வழி சொன்னார்: அந்தக் கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படையுங்கள். முதலில் சோவியத் யூனியனும் சீனாவும் அதை ஏற்கவில்லை. ஸ்டாலின் இறந்த பிறகு, ஏறத்தாழ அதே வழியில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

ஆணையத்துக்குத் தலைவர் நம் இந்திய ஜெனரல் திம்மய்யா. காவலுக்குப் போனது இந்தியப் படை. தன் மண்ணில் இந்தியச் சிப்பாய் கால் வைக்கக்கூடாது என்றார் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ. அதனால் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் ஏற்றி, இரு கொரியாக்களுக்கும் நடுவே உள்ள படையற்ற பகுதியில் இறக்கினார்கள். அங்கே கூடாரங்கள். கைதியை உள்ளே கூட்டிவந்ததும் அவன் நாட்டு அதிகாரி எதிரில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்துவிடு என்று பேசுவார். வெளியேற இரண்டு வாசல். ஒன்றில் போனால் ஊர், மற்றதில் போனால் மறுப்பு. வசவுக்கும் கூச்சலுக்கும் நடுவே, எந்த வாசலில் போவது என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று நம் ஆட்கள் காவல் நின்றார்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்றவர்கள்தான் மெட்ராசில் இறங்கிய அந்த 88 பேர். பல கைதிகள் கூடாரத்துக்கு வரவே மறுத்தார்கள். ஆக, அது அரைகுறையாக முடிந்த வேலை. ஆனாலும் போர்நிறுத்தம் முறியவில்லை. முழு அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை என்பதும் உண்மை.

உக்ரைனில் போர்நிறுத்தக் கோடு எங்கே போடுவது என்பதே பெரும் சண்டைதான். அதைவிடக் கடினமான கேள்வி, அப்படிப் போட்ட எல்லைக்கோட்டை நாளைக்கு யார் காப்பது. 1994இல் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கொடுத்த உறுதியை நம்பி உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டது. இருபது வருடத்தில் கிரிமியா போனது. 2022 வசந்தத்தில் இஸ்தான்புல் பேச்சு ஓரளவு தூரம் போயும் இதே இடத்தில் இடறியது. உத்தரவாதம் தரும் நாடுகளில் ரஷ்யாவும் ஒன்றாம், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் மற்றவர்கள் உதவிக்கு வரலாமாம். அடித்தவனிடமே அனுமதி கேட்கச் சொன்னால் யார் ஏற்பார்கள்? பேச்சு கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. காவலைப் பற்றிப் பேசாத பேச்சு நிற்காது. உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போருக்கு முன் நம் இறக்குமதியில் மிகச் சிறிய பங்காக இருந்த ரஷ்யக் கச்சா எண்ணெய், 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவாகக் கிடைப்பதை வாங்குவதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலிவாக வாங்குவதும் ஐ.நா.வில் வாக்களிக்காமல் இருப்பதும் மட்டுமே நடுநிலை ஆகிவிடாது. 1953இல் நாம் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டோம். இருதரப்பிடமும் திட்டு வாங்கினோம்.

அப்படியானால் உக்ரைனுக்கும் நம் படை போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கேதான் எனக்கும் தயக்கம் வருகிறது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனவும் கையெழுத்திட்டார்கள், புலிகள் கையெழுத்திடவில்லை. காவலுக்குப் போன இந்தியப் படை அக்டோபரிலேயே போரில் ஒரு தரப்பாகிவிட்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அங்கே நம் படையால் இறந்த தமிழர்களை நாம் மறக்க முடியாது. 2002இல் நார்வே அங்கே ஒரு போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு வேறு மாதிரி முயன்றது. ஆயுதமில்லாத கண்காணிப்பாளர்கள் மீறல்களைக் குறித்துக்கொண்டே இருந்தார்கள், தடுக்கும் பலம் அவர்களிடம் இல்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ரஷ்யாவும் உக்ரைனும் இரண்டுமே கேட்டு, ஐ.நா. ஆணையோடு, வேலை இன்னது, காலம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் இந்தியா போக வேண்டும் என்பேன். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். கைதிப் பரிமாற்றமும் கருங்கடல் தானியக் கப்பல்களும் சண்டைக்கு நடுவிலேயே பேசி நடந்தவைதான். அந்த அளவு வேலைக்கு நடுவராக நிற்க டெல்லி இப்போதே முன்வரலாம், அதற்குப் படை தேவையில்லை.