சொந்தப் பணத்தைக் கோட்டைவிட்ட பொருளாதார அறிஞரின் கொள்கையை நம்பலாமா?

கேள்வி நியாயமானதுதான். காரைக்குடிப் பக்கம் இதையே ‘ஊருக்கு உபதேசம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஆனால் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷரைப் பாருங்கள். 1929 அக்டோபரில், பங்கு விலைகள் நிரந்தரமான உயரத்தை எட்டிவிட்டன என்றார். சில நாளில் சந்தை சரிந்தது. அவர் சொத்தும் போச்சு. மிச்சக் காலம் கடனோடுதான்.

அதே மனிதர் 1933-இல் எழுதினார்: விலைகள் விழ விழக் கடனின் உண்மையான பாரம் கூடும், அடைக்க எல்லாரும் சொத்தை விற்கும்போது விலை இன்னும் விழும்.

இது நமக்குத் தெரிந்த கதை. 1930-களில் பர்மாவில் நெல் விலை சரிந்ததும் விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. லேவாதேவிக்குப் போன நகரத்தார் கைக்குப் பணத்துக்குப் பதில் வயல் வந்தது. கீழ் பர்மா நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு. (வேண்டி வாங்கியதல்ல. அப்புறம் அதுவும் போனது வேறு கதை.)

ஃபிஷர் சொத்தை இழந்ததால் இந்த விளக்கம் பொய்யாகுமா? அவருடைய சந்தை ஆரூடத்தை வேண்டுமானால் தள்ளுங்கள், அது நடப்பிலேயே தோற்றது. கடன் பற்றிய வாதத்தை மறுக்க, பர்மாவின் பேரேடுகளைத்தான் புரட்ட வேண்டும்.