டொமைன் பெயரின் ஈறு நிறுவனத்தின் வகையைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மதுரைக்கு அருகே, பதிவு பெற்ற சிறிய அறக்கட்டளை ஒன்றின் சார்பில் மாணவர்களுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்துகிறோம். இணையதளத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, டாட் காம் என்று முடிந்தால் போதும் என்கிறார் வடிவமைப்பாளர். டாட் ஆர்க் (.org) இருந்தால்தான் நன்கொடையாளர்கள் நம்புவார்கள் என்கிறார் அறங்காவலர் ஒருவர். நிறுவனத்தின் வகையை டொமைன் பெயர் காட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் அறங்காவலரின் எண்ணம் நியாயமானது, ஆனால் டாட் ஆர்க் தரும் என்று அவர் நம்பும் உறுதியை அது தருவதில்லை.

1984 அக்டோபரில் இணையத்தின் தொடக்ககால வல்லுநர்களான ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வெளியிட்ட ஆவணத்தில்தான் வணிகத்துக்கு டாட் காம், கல்விக்கு டாட் எடு, அரசுக்கு டாட் கவ், ராணுவத்துக்கு டாட் மில் என்ற பிரிவுகள் வகுக்கப்பட்டன. இவற்றில் எதிலும் அடங்காத அமைப்புகளுக்காக வைக்கப்பட்டதே டாட் ஆர்க். அதாவது, அது தொண்டு நிறுவனத்துக்கான முத்திரையாகப் பிறக்கவில்லை. அந்தப் பொருள் பழக்கத்தால் வந்தது. இன்று யார் வேண்டுமானாலும், எந்தச் சான்றும் காட்டாமல், டாட் ஆர்க் பெயரை வாங்கலாம். டாட் ஓஆர்ஜி டாட் இன் (.org.in) என்பதும் அப்படியே.

ஆகவே, ஒரு பெயரின் ஈறு வகையைச் சொல்கிறதா என்பதைவிட, அந்த வகைக்குள் நுழைபவரை யார் சோதிக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். டாட் கவ் டாட் இன் பெயர்களைத் தேசிய தகவலியல் மையம் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே ஒதுக்குகிறது. டாட் ஏசி டாட் இன் பெயரைக் கல்வி நிறுவனங்கள், கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பை நடத்தும் எர்னெட் வழியே தகுதியை நிறுவித்தான் பெற முடியும். வங்கிகளின் பெயரில் நடந்த மோசடிகளைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் பெயருக்கு மாற வேண்டும் என உத்தரவிட்டு, அதைப் பதிவு செய்யும் பொறுப்பை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைத்தது. பொய்யான பெயரால் ஒருவரின் சேமிப்பே பறிபோகக்கூடிய துறையில் இத்தகைய கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். எல்லா நிறுவனங்களுக்கும் இதை விரிப்பது சரியாகாது. நூல் விற்று அந்த வருவாயில் பள்ளி நடத்தும் அமைப்பு வணிகமா, தொண்டா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைப் பெயர்ப் பதிவாளரிடம் கொடுப்பதாகவே அது முடியும்.

உங்கள் அமைப்புக்கு டாட் ஓஆர்ஜி டாட் இன் பொருத்தமானது. இந்தியாவில் இயங்கும், லாப நோக்கற்ற அமைப்பு என்ற குறிப்பை அது வாசகருக்கு உடனே தருகிறது. கையிருப்பு இடம் கொடுத்தால் டாட் ஆர்க் பெயரையும் வாங்கி முதல் தளத்துக்கே திருப்பிவிடுங்கள். ஆனால், நன்கொடையாளர் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை அறக்கட்டளைப் பதிவு எண்ணும், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்றும் ஆண்டுக் கணக்கும்தான். அவற்றை முகப்பிலேயே வையுங்கள். வங்கிக் கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருப்பதும் அங்கே தெரியட்டும்.

முகவரியைச் சோதிக்கும் முறையையும் உங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தொடக்கத்தில் வரும் https://-ஐ விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உரிமையாளரைக் காட்டுவது கடைசியில் உள்ள ஈறும் அதற்கு நேர் முன்னுள்ள பெயருமே. நடுவில் பேங்க் என்ற சொல் எத்தனை முறை வந்தாலும் கடைசியில் டாட் காம் என்று முடிந்தால், அது ரிசர்வ் வங்கி சொன்ன ஈறு அன்று.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். டொமைன் பெயரை வடிவமைப்பாளரின் பெயரில் பதிவு செய்ய விடாதீர்கள். பதிவுக் கணக்கு அறக்கட்டளையின் பெயரிலும் அதன் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாளை இரண்டு அறங்காவலர்களாவது குறித்து வைத்திருக்க வேண்டும். காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால், உங்கள் பெயரை நம்பி வரும் நன்கொடையாளர் அவருடைய பக்கத்தில்தான் போய் நிற்பார்.