வழுக்கையாற்றில் கழிவு ஒயில்: கையெழுத்து மனுவுக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் வழுக்கையாற்றங்கரையில் இருக்கிறது. வாகனம் கழுவும் சேர்விஸ் ஸ்ரேசன் ஒன்றின் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஆற்றில் விழுகிறது. இரவில் மலக்கழிவு பவுசர்களும் வந்து ஊற்றிவிட்டுப் போகின்றன. சில கிணறுகளில் ஒயில் மணக்கிறது. 200 பேர் கையெழுத்திட்ட மனுவைப் பிரதேச சபையில் கொடுத்து ஐந்து மாதமாகியும் பதில் இல்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பதை வைத்துப் போட்டால் முதல் தவணையிலேயே தடுமாறுவீர்கள். எந்தக் குழாயிலிருந்து, எந்தத் திகதியில், என்ன வெளியேறியது என்று நீதிமன்று கேட்கும். இருநூறு கையெழுத்து அதற்கு விடை சொல்லாது.

சட்டம் உங்கள் பக்கம் வலுவாகவே நிற்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 23அ பிரிவின்படி, வர்த்தமானியில் குறிக்கப்பட்ட தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவை வெளியேற்ற முடியாது. உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதையும் அதே சட்டம் தனியாகத் தடை செய்கிறது. அந்தச் சொல்லுக்குள் ஆறு, வாய்க்கால், கிணறு, நிலத்தடி நீர் எல்லாம் அடங்கும். மாரியில் மட்டும் ஓடுகிற ஆறுதானே என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே வாய்க்காலில் ஊற்றியது கிணற்றுக்குப் போய்ச் சேரும். ஆறு வற்றினாலும் அது நிலத்துக்குள் இருக்கும்.

முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016இன் 12ஆம் இலக்கம்) கீழ் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று பிரதேச சபைக்கு, மற்றது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு. தொழிலின் வகையைப் பொறுத்து உரிமம் வழங்குவது இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும் என்பதால் இரண்டையும் கேளுங்கள். உரிமத்தின் பிரதி, காலாவதித் திகதி, அதில் விதித்த நிபந்தனைகள், கடந்த மூன்று ஆண்டுப் பரிசோதனை அறிக்கைகள், உங்கள் மனுமீது எடுத்த நடவடிக்கை, மலக்கழிவு பவுசர்களுக்கு அனுமதித்த கொட்டும் இடம் ஆகியவற்றைத் தனித்தனி இலக்கமிட்டு எழுதுங்கள். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. உரிமமே இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

அடுத்தது நீர் மாதிரி. இதில்தான் ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் பிழை விடுகின்றன. ஆற்று நடுவில் எடுத்த தண்ணீரில் கழிவு கரைந்து போயிருக்கும். கழிவுநீருக்கான அளவுகோல் வெளியேறும் இடத்துக்கு உரியது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2008இன் ஒழுங்குவிதிகள் வைத்தன. ஆகவே குழாய் வாயில், அதற்கு மேலே, அதற்குக் கீழே என்று மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். ஒயில் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தல்தான். பிளாஸ்ரிக்கில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்வதால் அளவு குறைவாகக் காட்டும். அதே தண்ணீரால் போத்தலை அலசவும் கூடாது. மலக்கிருமிக்குக் கிருமி நீக்கிய வேறு போத்தல், ஐஸ் பெட்டியில் அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு. நீங்களாக எடுத்தால், போத்தலில் பிறகு எதையோ கலந்தார்கள் என்ற கேள்வி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ அதிகாரசபை அலுவலரையோ எழுத்து மூலம் அழைத்து, அவர் கையால் முத்திரையிட வையுங்கள். வர மறுத்தால் அந்தக் கடிதமும் பதிவுத் தபால் துண்டும் பின்னர் உதவும்.

இவற்றோடு, கிணற்றுச் சொந்தக்காரர் ஐந்தாறு பேரின் சத்தியக்கடதாசி வேண்டும். வாய்க்காலிலிருந்து கிணறு எத்தனை மீற்றர், மணம் எந்த மாதம் தொடங்கியது, தண்ணீரை எதற்கெல்லாம் நிறுத்தினார்கள் என்பதை அவரவர் சொல்லில் எழுதட்டும். ஒரே வசனத்தை எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். பவுசர் வந்தால் இலக்கத் தகடு தெரியப் படம் எடுங்கள், நேரம் குறியுங்கள். மறித்துச் சாரதியைப் பிடித்து வைத்தால் நீங்களே எதிரிக் கூண்டில் நிற்க நேரும். ஆய்வறிக்கை வருமுன் முகநூலில் நிறுவனத்தின் பெயரைப் போடுவதும் மானநட்ட வழக்குக்கு வழி திறக்கும்.

இவ்வளவும் சேர்ந்தபின் விரைவான வழி நீதவான் நீதிமன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் (1979இன் 15ஆம் இலக்கம்) 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை (அகற்று, இல்லையேல் வந்து காரணம் சொல் என்ற கட்டளை) கேட்கலாம். நட்டஈடு வேண்டுமானால் அது வேறு பாதை. சுன்னாகம் மின் நிலையக் கழிவு ஒயில் வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 2 கோடி ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. அது அடிப்படை உரிமை மனு. அரச அதிகாரிகளின் செயலின்மையைக் கேள்வி கேட்க அந்த வழி பொருந்தும். ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. உங்கள் மனுவுக்கு ஐந்து மாதமாகிவிட்டது. மீறல் இன்றும் தொடர்கிறது என்று வாதிட இடமுண்டு, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஆய்வறிக்கையை இணைத்து இரண்டு அலுவலகங்களுக்கும் புதிய முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர்கள் எழுத்தில் மறுத்தால், கடிதம் கிடைத்த திகதியை உறையிலேயே குறித்து, அந்த வாரமே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.