எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே, ஜன்னல் எதற்கு?

சென்னையில் வீடு கட்டுகிறோம். 12-க்கு 10 அடி அறைக்கு 5-க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் போதுமா?

காகிதத்தில் போதும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. கதவு கணக்கில் வராது. 120 சதுர அடிக்கு 20, கச்சிதம். ஆனால் ஸ்லைடிங்கில் பாதிதானே திறக்கும்? காற்று வருவது 10 சதுர அடியில். கொசுவலை போட்டால் அதுவும் குறையும். திறக்க முடியாத கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. ஸ்லைடிங்குக்கும் அதே நியாயம்தான் என்பது என் கட்சி. கீல் வைத்த ஜன்னலே போடுங்கள். அப்புறம், ஒப்புதல் கிடைப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி. பிளான் கொடுக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

கிச்சனில் சிம்னி போட்டாச்சு. ஜன்னலை அடைத்து அலமாரி வைக்கலாமா?

வேண்டாம். சமையலறைக்கு விதி, அந்த ஆறில் ஒரு பங்கைவிட 25 சதவீதம் கூடுதலாகவே கேட்கிறது. 80 சதுர அடி கிச்சனுக்குக் கிட்டத்தட்ட 17 சதுர அடி. சிம்னி எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் இரைச்சல்தான் மிச்சம். எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஓடும் சிம்னியின் ஃபில்டருக்கு அருகே ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். இழுப்பு குறைவாக இருக்கும். ஜன்னலை நாலு விரல் திறந்தால், இழுப்பு கூடுவது தெரியும். குழாயே இல்லாத சிம்னி என்றால் பேச்சே இல்லை. அது அதே காற்றை வடிகட்டித் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான்.

பாத்ரூம் ஷாஃப்டை, அதாவது பாத்ரூம் ஜன்னல்கள் திறக்கும் காற்றுக் கூண்டை, மழைக்காக மேலே ஷீட் போட்டு மூடிவிட்டது எங்கள் அசோசியேஷன். "எல்லார் வீட்டிலும் ஃபேன் இருக்கிறதே" என்கிறார்கள்.

அந்த ஃபேன்கள் எங்கே ஊதுகின்றன? அதே ஷாஃப்டுக்குள்தான்! மேலே போக வழியில்லாத காற்று, ஃபேன் ஓடாத வீட்டுக்குள் நுழையும். கீழ்வீட்டுக்காரர் என்ன சோப்பு போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்குமே. அதே தேசிய விதித்தொகுப்பின்படி 24 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு ஷாஃப்ட் 5.4 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. 30 மீட்டரைத் தாண்டினால் மின்விசிறிக் காற்றோட்டமும் கட்டாயம். ஷாஃப்டுக்குப் பதிலாக அல்ல, ஷாஃப்டோடு சேர்த்து. இந்த ஒரு வரியை அசோசியேஷன் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். மழைதான் கவலை என்றால் ஷீட்டை உயர்த்தி, நாலு பக்கமும் காற்று போக இடம் விடச் சொல்லுங்கள். உங்கள் ஃபேனுக்கு, நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் வாங்குங்கள்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர். ஃபேன் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. மூடிய அறையில் ஃபேன் இழுக்கிற இழுப்பில், கீசரின் புகை வெளியே போகாமல் உள்ளேயே திரும்பவும் கூடும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கீசரை வெளியே மாற்றுங்கள், இந்த வாரமே.